மச்சானோட வேத விவாதம்: பதில் சொல்றதா, விலகிறதா?

தம்பி, உங்கட கேள்விய ஆறுதலா வாசிச்சன். மேலால பார்த்தா "திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூண்டும் ஒரே தேவன் எண்டது) வேதத்துல இருக்கெண்டு மச்சானுக்கு எப்பிடி நிரூபிக்கிறது" எண்டுதான் கேட்டிருக்கீங்க, ஆனா அதுக்குக் கீழ எழுதியிருக்கிறதப் பார்த்தா உங்கள வருத்துற கேள்வி வேற. கல்முனைக்கு வேலைக்குப் போன மச்சான் புதுக் கூட்டம் ஒண்டோட சேர்ந்திட்டார், இயேசு படைக்கப்பட்ட ஒருத்தர்தான் எண்டும் கடைசி நாள் எப்ப வரும் எண்டு தங்களுக்குக் கணக்குத் தெரியும் எண்டும் உங்கட சபை வாலிபர் வட்ஸ்அப் குரூப்புல ராவிருட்டா மெசேஜ் போடுறார், நீங்களும் விடாமப் பதில் போட்டு இப்ப நித்திரையும் இல்ல, போதகர் தீத்து 3ஆம் அதிகாரத்தக் காட்டி "விலகு" எண்டு சொல்லிட்டார், உங்களுக்கு யூதா எழுதின "விசுவாசத்திற்காகப் போராடு" எண்ட வசனம் தொண்டையில நிக்குது. அப்ப உண்மையான கேள்வி, விலகினா அது கோழைத்தனமா, நிண்டு கதைச்சா கீழ்ப்படியாமையா, எது வீண் தர்க்கம் எது சொல்லியே ஆகவேண்டிய பதில் எண்டு எப்பிடிப் பிரிச்சு அறியிறது எண்டதுதான். அதுக்குத்தான் எழுதுறன், கொஞ்சம் நீளும்.

நான் பிலிமத்தலாவையில இறையியல் படிச்ச ஆள், மறுகா மட்டக்களப்புப் பக்கம் கிராமச் சபைகள்ல வேதபாட வகுப்பு எடுத்துத்தான் கனகாலம் போயிருக்கு. மெதடிஸ்த சபையில வளர்ந்தனான், அதனால என்ர பார்வையில அந்த வாசம் இருக்கும், அத முதல்லயே சொல்லிடுறன். உங்கட மச்சானை எனக்குத் தெரியாது, அவர் போட்ட மெசேஜையும் நான் பார்க்கல்ல. அதனால அவர்ட மனசப் பத்தி ஒண்டும் சொல்ல மாட்டன், நீங்க எழுதினத வச்சுத்தான் கதைக்கிறன்.

முதல்ல அந்த ரெண்டு வசனத்தையும் எடுப்பம், ஏனெண்டா உங்கட போதகரும் நீங்களும் ஆளுக்கொரு பாதியப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க எண்டுதான் எனக்குப் படுது. தீத்துவுக்கு எழுதின நிருபத்துல, 3:9ல, அப்போஸ்தலன் பவுல் "புத்தியீனமான தர்க்கங்களையும், வம்சவரலாறுகளையும்" விட்டு விலகச் சொல்றார், அதுகள் பிரயோசனமில்லாததும் வீணும் எண்டுறார். சரி. ஆனா அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிங்க, வேதத்தப் புரட்டுற ஆளுக்கு ரெண்டொருதரம் புத்தி சொன்ன பின்பு அவனை விட்டு விலகச் சொல்றார். விலகிறதுக்கு முன்னால புத்தி சொல்றது இருக்கு, அதுவும் ஒரு தரத்தோட நிக்கல்ல. ஒண்டுமே சொல்லாம எழும்பிப் போறத தீத்து சொல்லல்ல, மூண்டு மாசமா ராவிருட்டாச் சொல்றதையும் சொல்லல்ல. அதேமாதிரி யூதா 3ஆம் வசனத்துல போராடச் சொல்றவர் கடைசியில சிலருக்கு இரக்கம் காட்டச் சொல்றார், சிலரை நெருப்பில இருந்து இழுத்து எடுக்கச் சொல்றார். அந்தச் சின்ன நிருபத்துக்கு நடுவில இன்னொரு சங்கதி இருக்கு, பிரதான தூதனாகிய மிகாவேல் பிசாசோட தர்க்கம் பண்ணினபோது கூட அவனத் தூஷணமாக் குற்றப்படுத்தத் துணியாம "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" எண்டு மட்டும்தான் சொன்னார் எண்டு. பிசாசுக்கே அவ்வளவுதான் எண்டா, சின்ன வயசில ஒண்டா வாவியில குளிச்ச மச்சானுக்கு குரூப்புல எல்லாரும் பார்க்கக் கோபச் சிவப்பு முகங்கள் போட்டு எழுதலாமா எண்டு நீங்களே யோசிங்க.

பவுல் எப்பிடி நடந்தார் எண்டு பார்த்தா இன்னும் தெளிவா விளங்கும். அப்போஸ்தலர் 19ல எபேசு ஜெபஆலயத்துல மூண்டு மாசம் தைரியமாப் பேசிச் சம்பாஷிக்கிறார், சிலர் கடினப்பட்டு ஜனங்களுக்கு முன்னால இந்த மார்க்கத்தத் தூஷிக்கத் தொடங்கின உடன அவங்கள விட்டு விலகி, சீஷர்களையும் பிரிச்சுக் கூட்டிக்கொண்டு போய் திறன்னு எண்ட ஒருத்தர்ட வித்தியாசாலையில தினமும் படிப்பிக்கிறார், அது ரெண்டு வருஷம் நடக்குது. மூண்டு மாசம் விவாதம், ரெண்டு வருஷம் போதனை, அந்த அளவக் கவனிங்க. விலகினதோட அவர்ட வேலை முடியல்ல, கேட்க மனமுள்ள ஆக்களோட அதுக்குப் புறகுதான் பெரிய வேலையே தொடங்குது, ஆசியாவில குடியிருந்த எல்லாரும் வசனத்தக் கேட்டது அந்த ரெண்டு வருஷத்துலதான் எண்டு அந்தப் புத்தகத்த எழுதின லூக்கா சொல்றார். உங்கட போதகர் "விலகு" எண்டு சொன்னதோட நிண்டிருந்தா அது அரைவாசி. அந்த வாலிபர் குரூப்புல இருக்கிற மத்தப் பிள்ளைகளுக்கு ஆர் என்னத்தப் படிப்பிக்கப் போறாங்க எண்டது மத்த அரைவாசி, அதப் பத்தி உங்கட மெசேஜ்ல ஒரு சொல்லும் இல்ல.

இப்ப எது நிச்சயம் எண்டு சொல்றன். இயேசு ஆர் எண்ட கேள்வி சின்னக் கேள்வி இல்ல, அதுல விட்டுக்குடுக்க ஏலாது. கலாத்தியர் 1:8ல வானத்துல இருந்து வந்த தூதனே வேற சுவிசேஷம் சொன்னாலும் ஏற்காதீங்க எண்டு பவுல் எழுதினதும், 1 யோவான் 4ல ஆவிகளச் சோதிச்சுப் பாருங்க எண்டு சொல்லி, மாம்சத்துல வந்த இயேசு கிறிஸ்துவ அறிக்கை பண்றதுதான் அளவு எண்டு வச்சதும், 1 கொரிந்தியர் 15ல கிறிஸ்து எழும்பவில்லையெண்டா எங்கட பிரசங்கமும் வீண் விசுவாசமும் வீண் எண்டதும் அதுக்காகத்தான். உங்கட மச்சான் சொல்ற "படைக்கப்பட்டவர்" கதை புதுசும் இல்ல, அலெக்சாந்திரியாவில ஆரியுஸ் எண்ட குருவானவர் இதத்தான் படிப்பிச்சார், 325ல நிசேயாவில கூடின சபைத் தலைவர்மார்ட சங்கம் அத மறுத்து குமாரன் பிதாவோட ஒரே தன்மையானவர் எண்டு அறிக்கை செஞ்சுது, அதுக்குப் புறகும் ஐம்பது வருஷத்துக்கு மேல இழுபட்டு 381ல கொன்ஸ்தாந்தினோப்பிள் சங்கத்துலதான் ஒரு முடிவுக்கு வந்துது. ஆராதனையில நாங்க சொல்ற நிசேயா விசுவாசப் பிரமாணம் அந்தச் சண்டைக்குள்ள இருந்து பிறந்ததுதான். அப்ப "இதெல்லாம் எதுக்கு, எல்லாம் ஒண்டுதானே" எண்டு ஆரும் சொன்னா அதுவும் பிழை.

ஆனா அதே காலத்துல இருந்து இன்னொரு சாட்சியும் கிடக்கு. நிசா ஊர்க் கிரெகோரி எண்ட பிஷப், இதே ஆரியுஸ்ட போதனைக்கு எதிரா முன்னுக்கு நிண்டவர், அவரே கொன்ஸ்தாந்தினோப்பிள் நகரத்தப் பத்தி மனம் நொந்து சொல்லியிருக்கார், காசு மாத்தப் போனா கடைக்காரன் பிறந்தவர் பிறவாதவர் எண்டு வகுப்பெடுக்கிறான், பாண் என்ன விலை எண்டு கேட்டா பிதா பெரியவர் குமாரன் சின்னவர் எண்டு மறுமொழி வருது, குளிக்கத் தண்ணி ஆயத்தமா எண்டு கேட்டா குமாரன் இல்லாமையில இருந்து வந்தவர் எண்டுறாங்க எண்டு. விஷயம் பாரதூரமானதுதான், கிரெகோரிக்கு அதுல ஒரு சந்தேகமும் இல்ல, ஆனாலும் சந்தியில நிண்டு எல்லாரும் எல்லார்ட்டயும் எறியிற பேச்சாகிப்போனா அந்தப் பாரதூரமான விஷயமே மலிஞ்சு போகுது எண்டு அவருக்கு விளங்கியிருக்கு. வட்ஸ்அப் குரூப்ப நினைச்சுத்தான் இத எழுதுறன். ஒரு சத்தியத்துக்காக நீங்க நிண்டாலும் நிக்கிற இடமும் நேரமும் பிழைச்சா அது வீண் தர்க்கமா மாறலாம். "இது முக்கியமான விஷயம், அதனால எங்கயும் எப்பவும் கதைக்கலாம்" எண்டு கனபேர் நினைக்கிறாங்க, எனக்கு அதுல உடன்பாடில்ல.

நாள் குறிக்கிற கதைக்கு நீட்டிப் பதில் தேவையில்ல. அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் எண்டு மத்தேயு 24:36ல ஆண்டவரே சொல்லிட்டார். அமெரிக்காவில வில்லியம் மில்லர் எண்டவர்ட கணக்கப் பின்பற்றின கூட்டம் 1844 ஒக்டோபர் 22 எண்டு பார்த்துக்கொண்டிருந்தாங்க, வரல்ல, கனபேர் மனமுடைஞ்சு போனாங்க. ஹரோல்ட் கம்பிங் எண்டவர் 2011 மே 21 எண்டு உலகம் முழுக்க விளம்பரம் செஞ்சார், அதுவும் போச்சு, மறுகா ஒக்டோபர் எண்டார், அதுவும் போச்சு. இதை மச்சானுக்கு ஒருக்காச் சொல்லுங்க, அதுக்கு மேல அவர் போடுற கணக்கோட நீங்க கணக்குப் போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்ல.

இனி நிச்சயமில்லாத பக்கம். குழந்தை ஞானஸ்நானமா முழுக்கு ஞானஸ்நானமா, ஆவியில பேசிற அந்நியபாஷை இப்பயும் எல்லாருக்கும் உண்டா, ஆராதனை நாள் சனியா ஞாயிறா, நகை போடலாமா, அயல்வீட்டுக்காரர் குடுத்த கோயில் பிரசாதத்த வாங்கலாமா, இதுகள்ல எனக்கெண்டு நிலைப்பாடு இருக்கு, கேட்டாச் சொல்லுவன், ஆனா இதுகள வச்சு ஒருத்தனக் கள்ளப் போதகன் எண்டு சொல்ல எனக்கு வேதத்துல அதிகாரம் இல்ல. ரோமர் 14 முழுக்க இதுக்காகத்தான் இருக்கு, விசுவாசத்துல பலவீனமானவன ஏற்றுக்கொள்ளுங்க, அவன்ட ஐயங்களக் குறிச்சுத் தர்க்கிக்காதீங்க எண்டுதான் அந்த அதிகாரமே தொடங்குது. எங்கட பக்கம் சபைகள் உடைஞ்ச கதைகள நான் அறிஞ்சமட்டில, கிறிஸ்து ஆர் எண்ட கேள்வியில உடைஞ்சது குறைவு, கூடுதலா உடைஞ்சது இந்த ரெண்டாம் வரிசைக் கேள்விகள்ல, இல்லாட்டி கேள்விக்குப் பின்னால ஒளிஞ்சிருந்த காசு, பதவி, குடும்பச் சண்டைகள்ல.

மெதடிஸ்த இயக்கத்தத் தொடக்கின ஜோன் வெஸ்லியும் அவரோட ஊழியம் செஞ்ச ஜோர்ஜ் விட்பீல்டும் பட்ட பாட்ட இதுக்கு உதாரணமாச் சொல்லலாம். ஆர் இரட்சிக்கப்படுவாங்க எண்டு தேவன் முன்னமே தீர்மானிச்சிட்டார் எண்டுற முன்குறிப்பு உபதேசத்துல ரெண்டுபேருக்கும் ஒத்துப்போகல்ல, 1739ல வெஸ்லி அதுக்கு எதிராப் பிரசங்கிச்சு அச்சிலயும் போட்டார், விட்பீல்ட் பகிரங்கமாக் கடிதம் எழுதி மறுத்தார், ஒண்டா இருந்த எழுப்புதல் ரெண்டாப் பிரிஞ்சுது. ரெண்டுபேரும் கடைசிவரைக்கும் தங்கட கொள்கைய மாத்தல்ல. ஆனா உறவத் திரும்பக் கட்டினாங்க, 1770ல விட்பீல்ட் அமெரிக்காவில இறந்தபோது அவர்ட விருப்பப்படி லண்டன்ல அடக்கப் பிரசங்கம் செஞ்சவர் வெஸ்லிதான். கிறிஸ்தவத்தின்ட வேர வெட்டாத கருத்துகள்ல நாங்களும் சிந்திக்கிறம், மத்தவங்களையும் சிந்திக்க விடுறம் எண்டு அவர் எழுதி வச்சிருக்கார். வேரத் தொடுற விஷயம் எது எண்டு அவருக்குத் தெரியும், அதுல இளகவும் இல்ல. இந்த ரெண்டையும் ஒரு ஆள் ஒரே மனசுல வச்சிருக்கலாம்.

விவாதத்தால ஆத்துமா கிடைக்கும் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு எங்கட நாட்டுச் சரித்திரத்தையே காட்டலாம். 1873 ஆகஸ்ட்ல பாணந்துறையில ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால மெதடிஸ்த போதகர் டேவிட் டி சில்வாவும் பௌத்த பிக்கு மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் ரெண்டு நாள் பகிரங்க விவாதம் செஞ்சாங்க. எங்கட பக்கத்துக்காரர் படிச்ச மனுசன், பௌத்த வேதங்கள்ட மொழியான பாளி தெரிஞ்சவர், ஆனா வந்திருந்த சனம் தேரர்ட பேச்சுக்குத்தான் கை தட்டிச்சு, வெற்றி அவருக்கு எண்டுதான் ஊரெல்லாம் பேச்சு. அந்த விவாதத்தின்ட ஆங்கிலப் பதிப்பு அமெரிக்காவில பிரம்மஞான சங்கத்த நிறுவின ஆக்கள்ல ஒருத்தரான கேர்னல் ஒல்கொட்டுக்கிட்டப் போய்ச் சேர்ந்து, அவர் 1880ல இலங்கைக்கு வந்து, பௌத்த பாடசாலைகள் ஒண்டொண்டாத் தொடங்கப்பட்டுது. பௌத்த மறுமலர்ச்சிக்கு வேற காரணங்களும் இருந்தது, எல்லாத்தையும் பாணந்துறை மேல போட மாட்டன், ஆனா எதிராளிய மேடையில மடக்கப் போன ஆக்களே அவங்களுக்கு ஒரு பெரிய மேடையப் போட்டுக் குடுத்ததுதான் மிச்சம். யாழ்ப்பாணத்துலயும் இதே கதைதான். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில படிச்சு அங்கேயே படிப்பிச்சவர், மிஷனரி பீற்றர் பேர்சிவல் ஐயரோட இருந்து வேதாகமத்தத் தமிழாக்கிறதுக்கு உதவினவர், எங்கட வேதத்த எங்கட ஆக்களவிட நல்லா அறிஞ்சவர். மிஷனரிமார் சைவத்தத் தாக்கித் துண்டுப்பிரசுரம் போடப்போட அவர் அதே வேதத்த எடுத்து வச்சுத் திருப்பிக் குடுத்தார். ஏளனம் செஞ்சு ஆரையும் ஆண்டவர்ட்டக் கூட்டிக்கொண்டு வர ஏலாது.

இதுக்கு மறுபக்கம் எங்கட மட்டக்களப்புலயே இருக்கு. 1814ல முதல் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்கு வரேக்க அவங்கட தலைவர் தோமஸ் கோக் கடல்லயே இறந்திட்டார், அவங்கள்ல ஒருத்தரான வில்லியம் ஓல்ட்டின்ட மனைவியும் அந்தப் பிரயாணத்துல இறந்திட்டா. அந்தத் துக்கத்தோட தனிய மட்டக்களப்புக்கு வந்தவர் ஓல்ட், 1815 ஏப்ரல்ல அவரும் இஞ்ச இறந்திட்டார், ஒரு வருஷம் கூட இருக்கல்ல. அந்தக் கொஞ்ச மாசத்துல தமிழ் படிக்கத் தொடங்கி, பிள்ளைகளக் கூட்டிப் பள்ளிக்கூடம் வச்சார், இண்டைக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரி தன்ட தொடக்கத்த 1814 எண்டுதான் எழுதுது. அவர் ஆரை விவாதத்துல வெண்டார் எண்டு இஞ்ச ஆருக்கும் தெரியாது, ஆரும் கேட்கிறதும் இல்ல. காரைதீவுல பிறந்த விபுலானந்த அடிகள் கூடச் சின்ன வயசுல கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்கள்ல படிச்சவர்தானே, அவர் கிறிஸ்தவரா மாறல்ல, ராமகிருஷ்ண மிஷன் துறவியானார், எண்டாலும் அந்தக் கல்வி வீணாப் போச்செண்டு நான் சொல்ல மாட்டன்.

ஆனா எந்தக் கள்ள உபதேசத்தையும் மெதுமெதுவாப் பார்ப்பம் எண்டு விடவும் ஏலாது, சிலது ஆளையே கொல்லும். வாழைச்சேனைப் பக்கம் ஒரு கிராமத்துல ஒரு அம்மாவுக்குச் சீனி வருத்தம், வெளியூர்ல இருந்து கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார் ஒருத்தர் "விசுவாசம் உள்ளவனுக்குக் குளிசை எதுக்கு" எண்டு சொல்லிட்டுப் போக, அவ கிளினிக்குப் போறத நிப்பாட்டிட்டா. நாங்க போகேக்க குளிசை எல்லாம் பால்மா டின் ஒண்டுக்குள்ள போட்டு மூடி அலுமாரிக்கு மேல கிடக்கு, கிளினிக் கொப்பியும் அதோட, இடது காலில பெருவிரலுக்குப் பக்கத்துல புண் ஆறாம ஈரமாக் கிடக்கு. அவவோட நான் தர்க்கம் பண்ணல்ல, அந்தப் பிரசங்கியாரப் பத்தி ஒரு சொல்லும் சொல்லல்ல. 2 இராஜாக்கள் 20ஆம் அதிகாரத்த அவவையே சத்தமா வாசிக்கச் சொன்னன். எசேக்கியா ராசா சாகக் கிடக்கிறார், அழுது ஜெபிக்கிறார், உன்னைக் குணமாக்குவேன் எண்டு ஆண்டவரே வாக்குக் குடுக்கிறார், அந்த வாக்குக் குடுத்த உடன ஏசாயா என்ன சொல்றார்? அத்திப்பழ அடை கொண்டுவாங்க எண்டு, அதப் புண்ணில வைக்கச் சுகமாகுது. வாக்குக் குடுத்த ஆண்டவருக்கு மருந்து எதிரியா இருக்கல்ல. மறுகா கொலோசெயர்ல பவுல் "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" எண்டு எழுதினதையும், தீமோத்தேயுவுக்கு வயித்துக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுக்கச் சொன்னதையும் வாசிச்சம். அவ கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு "அப்ப குளிசை போட்டா ஆண்டவர் என்ன விட்டிட்டுப் போகமாட்டாரோகா?" எண்டு கேட்டா. அந்தக் கேள்விதான் அவ்வளவு நாளும் உள்ளுக்குள்ள இருந்திருக்கு, உபதேசத்த விடப் பயம்தான் அவவப் பிடிச்சு வச்சிருக்கு. அடுத்த கிளினிக்குக்கு மகள் கூட்டிக்கொண்டு போனா. அந்தப் பிரசங்கியாரோட சபை மூப்பர்மார் தனியக் கதைச்சாங்க, இன்னொருக்காவும் கதைச்சாங்க, அவர் மாறல்ல, அதுக்குப் புறகு அந்தச் சபையில அவருக்குப் பிரசங்கபீடம் குடுக்கிறதில்ல. தீத்து 3:10 எண்டா இதுதான், சத்தமில்லாம, ஒழுங்கா. மேடை போட்டு அவர வெளுத்திருந்தா அந்த அம்மா இன்னும் அவர்ட பக்கம்தான் சாய்ஞ்சிருப்பா எண்டு நான் நம்புறன்.

இன்னொண்டும் சொல்லணும், நீங்க கேட்கல்ல, ஆனா குரூப்புல மச்சானுக்குப் பதிலா வேற மத விவாத வீடியோக்களையும் ஆரோ போடத் தொடங்கிட்டாங்க எண்டு ஒரு வரி எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு அத நிப்பாட்டுங்க. நாங்க இருக்கிற இடம் எப்பிடி? ஆரையம்பதிக்கு அடுத்தது காத்தான்குடி, கல்முனையில ஒரு தெரு தாண்டினா மத்த ஆக்கள், சந்தையில, ஆஸ்பத்திரியில, கந்தோர்ல எல்லாரும் ஒண்டுதான். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறண்டு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல நடந்த குண்டுவெடிப்ப நாங்க மறக்கல்ல, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளையும் சேர்த்து அடக்கம் பண்ணின ஊர் இது. அந்தக் காயத்துக்கு மேல, ஒரு மதத்த இன்னொரு மதம் மேடையில மடக்கிற வீடியோவ "பாருங்க எப்பிடிக் குடுத்தார்" எண்டு ஃபோர்வேட் பண்றது சுவிசேஷ ஊழியம் இல்ல. பக்கத்துக் கடை முஸ்லிம் நாநா உண்மையா "நீங்க ஏன் ஈசா நபிய ஆண்டவர் எண்டுறீங்க" எண்டு கேட்டா, 1 பேதுரு 3:15 சொல்றமாதிரி சாந்தத்தோடயும் வணக்கத்தோடயும் பதில் சொல்லுங்க, மறைக்க ஒண்டும் இல்ல. அந்த வசனம் விசாரிச்சுக் கேட்கிறவங்களுக்கு உத்தரவு சொல்லச் சொல்லுது, கேட்காத ஆள்ட காதுக்குள்ள கத்தச் சொல்லல்ல.

மச்சானை இனி வீட்ட எடுக்கலாமா எண்டு அம்மா கேட்கிறா எண்டு எழுதியிருந்தீங்க, 2 யோவான் 10 காரணமா. இந்த உபதேசத்தக் கொண்டுவராதவன வீட்டில ஏற்காதீங்க, வாழ்த்துதலும் சொல்லாதீங்க எண்டு அதுல இருக்கு. இதுல எல்லாரும் ஒரே மாதிரி விளங்கிறதில்ல, சிலர் சொல்லுக்குச் சொல் எடுத்துக் கதவப் பூட்டுறாங்க. நான் விளங்கிக்கொண்டது இப்பிடி: அந்தக் காலத்துல சபை கூடினது வீடுகள்ல, ஊர் ஊராத் திரிஞ்ச போதகர்மார் தங்கினதும் அந்த வீடுகள்ல, அப்ப வீட்டில ஏற்கிறது எண்டா அவன்ட போதனைக்கு இடமும் சாப்பாடும் ஆதரவும் குடுக்கிறது. உங்கட மச்சான் உங்கட அம்மாட சகோதரன்ட மகன், அவர் மீன்கறி சாப்பிட வாறது வேற, உங்கட விறாந்தையில அவர்ட கூட்டத்த வச்சுப் படிப்பிக்க வாறது வேற. முதலாவதுக்குக் கதவு திறந்திருக்கட்டும், ரெண்டாவதுக்கு இல்ல எண்டு நேராச் சொல்லுங்க. இது என்ர வாசிப்பு, நல்ல விசுவாசிகள் சிலர் இத விடக் கடுமையா வாசிக்கிறாங்க, அவங்களோட இதுக்காக நான் சண்டை பிடிக்கவும் மாட்டன்.

எப்ப நிப்பாட்டணும் எண்டதுக்கு அனுபவத்துல நான் பார்க்கிற சில அடையாளம் இருக்கு. நீங்க ஒரு வசனத்துக்குப் பதில் சொன்ன உடன அதப் பத்தி ஒரு சொல்லும் சொல்லாம அடுத்த வசனத்துக்குத் தாவினா, அவர் உங்களோட கதைக்கல்ல, எங்கயோ படிச்சுக் குடுத்தத ஒப்புவிக்கிறார். பார்க்கிற ஆக்கள் கூடக்கூடச் சத்தம் கூடினா, அது அவருக்கும் உங்களுக்கும் நடுவில இருக்கிற விஷயமா இல்லாமப் போச்சு. இன்னொண்டு உங்களப் பத்தினது, அதக் கொஞ்சம் கவனமாப் பாருங்க: அவர்ட மெசேஜ் வந்த உடன உங்களுக்கு அவருக்காக ஜெபிக்கத் தோணுதா, இல்லாட்டி இண்டைக்கு இவர மடக்கணும் எண்டு கை துடிக்குதா? ரெண்டாவது எண்டா, நீங்க சொல்றது சரியா இருந்தாலும் அண்டைக்குப் பதில் எழுதாதீங்க. 2 தீமோத்தேயு 2:24, 25ல கர்த்தருடைய ஊழியக்காரன் சண்டைபண்ணாம எல்லாரிட்டயும் சாந்தமா இருக்கணும், எதிர்ப்பேசிறவங்களுக்கு மனந்திரும்புதலக் குடுக்கிறது தேவன் எண்டு இருக்கு. மச்சானை மாத்திற பாரம் உங்கட தலையில வைக்கப்படல்ல. இத உங்களுக்கு விசேஷமாச் சொல்றன், ஏனெண்டா "அவர் தொலைஞ்சு போனா அது என்ர பிழையா" எண்டு கேட்டிருந்தீங்க. இல்ல தம்பி, அது உங்கட பிழை இல்ல.

அப்ப இப்ப என்ன செய்யிறது. குரூப்புல ஒரே ஒரு மெசேஜ் போடுங்க, "மச்சான், இத நாங்க நேர கதைப்பம், இதுக்குப் புறகு இஞ்ச நான் பதில் எழுத மாட்டன்" எண்டு, அதோட விடுங்க. அட்மின் போதகர் எண்டா அந்தக் குரூப்புல உபதேச விவாதம் வேணாம் எண்டு அவரையே ஒரு வரி போடச் சொல்லுங்க, மச்சானைத் தூக்கிப் போடத் தேவையில்ல, அவர் ஒழுங்குக்கு அடங்காமத் தொடர்ந்து போட்டா அது போதகர்ட வேலை, உங்கட வேலை இல்ல. மறுகா கல்முனைக்குப் பஸ் ஏறுங்க. எபேசுல அப்பொல்லோ எண்ட பிரசங்கி அரைகுறையாப் படிப்பிக்கேக்க ஆக்கில்லாவும் அவர்ட மனைவி பிரிஸ்கில்லாளும் அவர சபைக்கு நடுவில எழும்பி மறுக்கல்ல, தங்களோட கூட்டிக்கொண்டு போய்த் தேவனுடைய வழியத் திட்டமா விவரிச்சாங்க எண்டு அப்போஸ்தலர் 18:26ல இருக்கு, அப்பிடிச் செய்யுங்க. பத்து வசனத்த ஒருமிக்க எடுக்க வேணாம், யோவான் முதலாம் அதிகாரம் முழுக்க ரெண்டுபேரும் மாறிமாறி வாசிங்க, 20ஆம் அதிகாரத்துல தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!" எண்டு சொன்னதையும் ஆண்டவர் அத மறுக்காம ஏத்துக்கொண்டதையும் வாசிச்சு, "இத உங்கட கூட்டத்துல எப்பிடி விளங்கப்படுத்திறாங்க" எண்டு கேட்டுட்டு, அவர் சொல்றதக் கடைசி வரைக்கும் கேளுங்க. அந்தக் கூட்டத்துக்கு அவர் ஏன் போனார் எண்டும் கேளுங்க, தனிய ஒரு ஊருக்கு வேலைக்குப் போன பொடியனுக்கு அங்க வந்து சாப்பிட்டியா எண்டு கேட்ட முதல் ஆக்கள் அவங்களா இருந்திருக்கலாம், எங்கட சபையில ஆரும் ஒரு கோல் கூட எடுத்திருக்க மாட்டாங்க. இப்பிடிப் போன பிள்ளைகள நான் கண்டிருக்கிறன், உபதேசம் மாறினதுக்கு முன்னால தனிமைதான் இருந்தது. ஒருக்காப் போங்க, இன்னொருக்காவும் போங்க. அதுக்குப் புறகும் அவர் கேட்க மனமில்லையெண்டா விவாதத்த நிப்பாட்டுங்க, உறவ நிப்பாட்டாதீங்க, கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போங்க, காய்ச்சல் எண்டாப் போய்ப் பாருங்க.

வாலிபர் கூட்டத்துக்கு, போதகர்ட்டக் கேட்டு அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்த வாரத்துக்கு ஒரு வரியா எடுங்க, ஒவ்வொரு வரிக்கும் வசனம் தேடிப் பிள்ளைகளே கொண்டு வரட்டும், பெரோயா ஊர்க்காரர் பவுல் சொன்னதையே தினமும் வேதத்துல தட்டிப் பார்த்த மாதிரி. முதல் சனிக்கிழமைக்கு நீங்க தனிய ஆயத்தப்படுத்தத் தீத்து, யூதா, 2 தீமோத்தேயு மூண்டையும் ஒரே இருப்புல வாசிங்க, ஒரு மணித்தியாலம் கூட எடுக்காது. மச்சானோட கதைச்ச புறகு அவர் கேட்ட கேள்வியில உங்களுக்குப் பதில் தெரியாதது எதுவும் இருந்தா, அவர்ட பேரப் போடாம இஞ்ச எழுதுங்க, எனக்குத் தெரிஞ்சதச் சொல்றன்.